தணிகாசலம் சார் வீட்டுத் தரை

பழைய தரையைப் பெயர்த்தாயிற்று. புதுத் தரை போடவில்லை. கோளாறு இவ்வளவுதான்.

பெயர்த்தவர் தணிகாசலம். திருக்கோவிலூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ராஜாமணி கேட்டதென்னவோ சின்ன வேலை. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிற இடத்தில் சிமென்ட் பெயர்ந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மகள் தேன்மொழி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள், கால் இடறும், ஒரு கை சிமென்ட் பூசச் சொல்லுங்கள் என்றாள்.

செய்வதை உருப்படியாகச் செய்ய வேண்டும் என்றார் தணிகாசலம். ஆள் வைத்து வீடு முழுக்கப் பெயர்த்தார். பூஜையறையைக்கூட விடவில்லை.

பிறகு கடைக்குப் போனார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

டைல்ஸ் கடையில் சுவர் சுவராக நிறுத்தி வைத்திருந்தார்கள். பளபளப்பாக இருந்தது வழுக்கும். பிள்ளைத்தாய்ச்சி நடக்கப்போகிற வீடு. சொரசொரப்பானது அழுக்குப் பிடிக்கும். நாளைக்குப் பிள்ளை தவழ்ந்தால் முட்டி தேயும். வெள்ளையில் ஒரு தலைமுடி விழுந்தாலும் தெரியும். கறுப்பில் தூசி தெரியும். கிரானைட் மூட்டுவலி கொடுக்கும் என்று மைத்துனர் சொன்னார். மார்பிளில் மஞ்சள் கறை ஏறினால் போகாது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரைக் கேட்டார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். டாக்டருக்கும் ஒரு கருத்து இருந்தது.

காலமெல்லாம் விடைத்தாள் திருத்திய கண். எதைப் பார்த்தாலும் முதலில் தப்புதான் தெரியும். எந்தக் கல்லும் தேறவில்லை.

ராஜாமணி மண்மேட்டில் பலகையைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். சோற்றில் மண். காப்பியில் மண். துவைத்து மடித்த புடவையை உதறினால் அதிலும் மண். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வளைகாப்புக்கு நாள் குறிக்கும் வரைக்கும்.

வளைகாப்பு முடிந்த கையோடு மகளை அழைத்து வர வேண்டும். அவள் வாசற்படி தாண்டிவிட்டால் அப்புறம் வீட்டில் கொத்தக் கூடாது, தோண்டக் கூடாது, ஆணிகூட அடிக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது. ஆக, அதற்குள் தரை போட்டால் உண்டு. இல்லையென்றால் மகள் வரவு இல்லை.

விழுப்புரத்திலிருந்து சம்பந்தியம்மாள் போன் செய்தார். தரையில்லாத வீட்டுக்கு மாசமான பெண்ணை எப்படி அனுப்புவது, பிரசவம் இங்கேயே ஆகட்டுமே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் சுருக்கென்றது. பிறகு தேன்மொழி போனை வாங்கினாள்.

"ஏம்மா, நான் அங்க வர முடியாதா?"

ராஜாமணி போனை வைத்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு சாம்பிள் கல்லை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்கு ஒரு குரு உண்டு. ஏரிக்கரை மடத்துச் சின்னம்மா. நாற்பது வயதுகூட ஆகாத பெண்பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் தணிகாசலத்திடம் படித்தவர். கணக்கில் அவரிடமே பெயிலானவர். பெயில் போட்ட வாத்தியார் இப்போது அந்தப் பெண்ணின் காலடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஊர் சிரித்தது. தணிகாசலம் சட்டை செய்யவில்லை. சின்னம்மாவை அவர் 'அம்மா' என்பார். பழக்கதோஷம், சின்னம்மா அவரை 'சார்' என்பார்.

ஊரில் கேட்க ஆளில்லாமல் போனதும் தணிகாசலம் மடத்துக்குப் போனார். கையோடு கொண்டுபோன சாம்பிள் கல்லை முன்னால் வைத்தார்.

"அம்மா, இது சரியா வருமா?"

"வெச்சுட்டுப் போங்க சார்."

மறுநாள் போய்ப் பார்த்தார். மடத்துத் தண்ணீர்ப் பானைக்குமேல் மூடியாக உட்கார்ந்திருந்தது கல். தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து மனைவிக்கு விளக்கினார். பானை என்பது உடம்பு, தண்ணீர் என்பது உயிர், தரையானது குளிர்ச்சி காக்க வேண்டும் என்பது சூசகம்.

"பானைக்கு மூடி இல்லைன்னு அர்த்தம்" என்றாள் ராஜாமணி.

அடுத்த கல்லைக் கொண்டுபோனார். அது பெஞ்சுக் காலுக்கு அடியில் போயிற்று. பாரம் தாங்குவதே தரை என்று அதற்கும் ஒரு வியாக்கியானம் வைத்தார். ராஜாமணி கேட்டுக்கொண்டாள்.

"பெஞ்சு ஆடிச்சா?"

"ஆடிச்சு."

"இப்ப?"

"இப்ப ஆடலை."

"அப்புறம் என்னத்துக்கு வியாக்கியானம்?"

அதற்கடுத்த கல்லில் சின்னம்மா பால் சட்டியை இறக்கி வைத்தார். அதற்கடுத்தது குளியலறை வாசலில் சேற்றுக்குமேல் கிடந்தது. மடத்துக்கு வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக அமைந்துகொண்டிருந்தது. வீட்டில்தான் தரை இல்லை.

மேஸ்திரி வந்து கடைசியாகச் சொன்னார். இந்த வாரத்துக்குள் கல் இறங்கினால் தரை போட்டுக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் கல்யாண மண்டப வேலைக்குப் போய்விடுவார். அப்புறம் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

தணிகாசலம் ஓடினார். கையில் இரண்டு கல். ஒன்று சந்தன நிறம், ஒன்று சாம்பல் நிறம்.

"அம்மா, இன்னைக்குச் சொல்லியே ஆகணும். ரெண்டுல எது?"

சின்னம்மா இரண்டையும் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இது பெரிய கேள்வி சார்."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. முதன்முதலாக ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

"ஒரு வாரம் இங்கயே இருங்க. ரெண்டையும் முன்னால வெச்சுக்கங்க. வாயைத் திறக்கக் கூடாது. யாரையும் ஒண்ணும் கேக்கக் கூடாது. வியாழக்கிழமை பதில் வந்துடும்."

வளைகாப்பு நெருங்குவதைச் சொன்னார் தணிகாசலம். அதற்குள் வந்துவிடும் என்றார் சின்னம்மா. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றார் தணிகாசலம். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார் சின்னம்மா.

மௌனம் தொடங்கியது.

முதல் நாள் பெரும்பாடு. சாம்பல் நிறம் நல்லது என்று தோன்றும். உடனே அதில் ஒரு கோளாறு தோன்றும். யாரையாவது கேட்டால் தேவலை என்று வாய் ஊறும். பால்காரர் வந்தபோது பொறுக்க முடியவில்லை. இரண்டு கல்லையும் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்திச் சைகையில் கேட்டார். விற்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் பால்காரர். வேண்டாம் சாமி, நம்ம வீட்டுக்குச் சாணி மெழுகினால் போதும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நடுவில் ஒரு நாள் சந்தனக் கல்லின்மேல் எறும்பு வரிசை கட்டிப் போனது. தணிகாசலம் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைப் பார்க்க மறந்துபோனார். அதற்கடுத்த நாள் கஞ்சி குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைப்பதென்று தேடி, சாம்பல் கல்லின்மேல் வைத்தார். வைத்ததுகூட அவருக்குத் தெரியாது. தூங்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலையில் தணிகாசலம் சின்னம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"பதில் வீட்டுக்குப் போயிடுச்சு சார். போய்ப் பாருங்க."

போனார். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

தரை போட்டிருந்தது. கூடம், சமையலறை, பூஜையறை, எல்லாம். இடுக்குகளில் பூச்சு அடைத்து, துடைத்து, ஓரத்தில் கோலம்கூடப் போட்டிருந்தது. சந்தனமும் இல்லை, சாம்பலும் இல்லை. அவர் கடையில் பார்த்த எந்தக் கல்லும் இல்லை. மழைக்காலத்து ஆற்று மணல் மாதிரி ஒரு நிறம்.

ராஜாமணி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"யாரு போட்டது?"

"மேஸ்திரி."

"யாரைக் கேட்டு?"

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகுதான் சொன்னாள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மடத்துக்குப் போனதை. உங்கள் வாத்தியாரை ஒரு வாரம் இங்கே வைத்துக்கொள்ள முடியுமா, சாப்பாட்டுக்கு அரிசி அனுப்பிவிடுகிறேன் என்று சின்னம்மாவிடம் கேட்டதை.



"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒரு வாரம் போதுமா அக்கான்னாங்க."

கடையில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். இன்றைக்கே வண்டியில் ஏற்றக்கூடிய கல் எது என்று. கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டதாம். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லையாம். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, லாரியையும் அவரே பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

தணிகாசலம் குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். தென்மேற்கு மூலைக்குப் போனதும் நிமிர்ந்தார்.

"இங்க பாரு. இந்த நாலஞ்சு கல்லு நிறம் மாறியிருக்கு."

"கொறைஞ்சுடுச்சு. வேற பெட்டியில எடுத்தாங்க. அங்க பீரோ வரும்."

"வழுக்குமா?"

"நடந்து பாருங்க."

நடந்தார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. பிறகு திரும்பி வந்தார். வழுக்கவில்லை. தப்பு ஒன்று கிடைக்குமா என்று காலால் தடவித் தடவி நடந்தார். மறுபடியும் அந்த மூலைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு பேர் பீரோவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. மகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். கூடவே சம்பந்தியம்மாளும் வந்தார். எதற்கு வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தணிகாசலம் வாசலிலேயே நின்றார். பொதுத்தேர்வு முடிவுக்குக்கூட அவர் அப்படி நின்றதில்லை.

சம்பந்தியம்மாள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். நாலு எட்டு நடந்தார். கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஃபேன் சத்தம் போடுதே" என்றார்.

அவ்வளவுதான். தரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காப்பி குடித்தார். பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். என்ன கல், என்ன கம்பெனி, எங்கே வாங்கியது, ஒன்றும் கேட்கவில்லை. தணிகாசலம் பஸ் நிறுத்தம்வரை கூடவே போனார். ஒருவேளை வழியில் கேட்பார் என்று. கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது தேன்மொழி கூடத்தில் இருந்தாள். நாற்காலி வேண்டாம் என்றுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கித் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வளையல் குலுங்கக் கையை ஊன்றிக் காலை நீட்டினாள்.

"ஜில்லுன்னு இருக்கும்மா. இனிமே நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

ராஜாமணி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட இல்லை.

ஒரு வாரம் கழித்துத் தணிகாசலம் மடத்துக்குப் போனார். போகும்போது கோபமாகத்தான் போனார். பாதி வழியில் அது குறைந்துவிட்டது. சின்னம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தார்.

"பொண்ணு வந்தாச்சா சார்?"

"வந்தாச்சு அம்மா."

"தூங்குறாளா?"

"கூடத்துலதான் படுத்துக்கிறா. கட்டில்ல படுன்னா கேக்க மாட்டேங்கிறா."

சின்னம்மா தலையாட்டினார். அடுத்த காயை எடுத்தார்.  தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"டைல்ஸா?"

"இல்ல. அத்தனை கடை ஏறி இறங்கினேன். அத்தனை பேரைக் கேட்டேன். ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இங்க உக்காந்தேன். கடைசியில அந்தத் தரையில என் பங்குன்னு ஒண்ணுமே இல்லையா?"

சின்னம்மா கத்தியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க சார். பெரிய வேலையே உங்களதுதான். ஒரு வாரம் வீட்டுல இல்லாம இருந்தீங்களே."

தணிகாசலம் யோசித்தார்.

"மிச்சம்?"

"மிச்சம் என்ன, கல்லு, மண்ணு, சிமென்ட்டு. அதை ராஜாமணி அக்கா பார்த்துக்கிட்டாங்க."