சொட்டு இறங்காத மூடி

மழை பெய்யாத நாளை விசேஷ நாளாகக் கொண்டாடும் ஊர் கொக்குவிளை. அங்கே குளம் நிறைந்திருக்கும், கிணறு நிறைந்திருக்கும், ஓட்டுக்கூரைக்கு அடியில் வைத்த குண்டானும் நிறைந்திருக்கும். வறட்சி என்று ஒன்று அந்த ஊரில் உண்டென்றால் அது மூன்றே மூன்று மண்டைக்குள்தான். தாணுலிங்கம், சொரிமுத்து, நம்பித்துரை. அண்ணன் தம்பிகள்.

மூவரும் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார்கள். நாளைக்குச் சண்டை வரக்கூடாது பாருங்கள், வாங்கிய அன்றைக்கே பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஸ்டீயரிங் மூத்தவர் தாணுலிங்கத்துக்கு. ஹாரன் நடுவுள்ளவன் சொரிமுத்துவுக்கு. பின்னால் இருக்கிற சரக்குத் தொட்டி கடைக்குட்டி நம்பித்துரைக்கு. அதனால் வளைவு வந்தால் தாணுலிங்கம் திருப்புவார், சொரிமுத்து குறுக்கே கையை நீட்டி ஹாரனை அமுக்குவான், நம்பித்துரை தொட்டியில் உருளுவான். பிரேக் யாருக்கு என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். பிறத்தியார் சொத்தை மிதிப்பது பாவம் என்று மூவரும் அதைத் தொடுவதில்லை. வண்டி எதிலாவது முட்டி நிற்கும்.

தொட்டிக்கு மேலே பெட்டி மூடி மாதிரி தூக்கித் திறக்கிற தகர மூடி ஒன்று உண்டு. மழை பெய்தால் அது ஒழுகும். சிமெண்ட் ஏற்றினார்கள், கல்லாக இறக்கினார்கள். அரிசி மாவு ஏற்றினார்கள், தோசை மாவாக இறக்கினார்கள். சீனி ஏற்றினார்கள், சாக்கை மட்டும் இறக்கினார்கள். "நம்ம வண்டியில ஏத்துனா பொருள் அடுத்த கட்டத்துக்குப் போயிருது" என்று தாணுலிங்கத்துக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்த வண்டியைத் தேடித்தான் வடிவம்மை வந்தாள். மூவருக்கும் அத்தை முறை. அப்பளத்துக்கு அந்தப் பக்கத்தில் பப்படம் என்று பேர். வடிவம்மை பப்படம் போட்டு விற்கிறவள். மேலக்குளத்தில் பெரிய வீட்டுக் கல்யாணம், முந்நூறு இலை. அவளுக்குக் கிடைத்த முதல் கல்யாண ஆர்டர் அது. முகூர்த்த நாளானதால் ஊரிலுள்ள நல்ல வண்டியெல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் இருந்தது இதுதான்.

"லேய், நல்லாக் கேளுங்க," என்றாள் வடிவம்மை. "பந்தியில பிரதமன் பாயசம் விட்டா, அதுல பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைஞ்சாத்தான் அந்த வீட்டு ஆளுங்க கையை வாய்க்குக் கொண்டு போவாங்க. பப்படம் வரல்லன்னா சம்பந்தி எழும்பிப் போயிருவாரு. அப்புறம் எனக்கு ஒருத்தரும் ஆர்டர் தரமாட்டாங்க. பப்படம் பரத்துற கட்டையை அடுப்புல வச்சு எரிக்க வேண்டியதுதான். மூடியைச் சரி பண்ணுங்க. நாளைக்கு மத்தியானம் பந்தி."

மூவரும் டிங்கர் பட்டறை ரசாக் பாயிடம் போனார்கள். பாய் ஒரு பசைக்குழாயை எடுத்துக் கொடுத்து, எல்லோருக்கும் சொல்வதையே சொன்னார்.

"ஒருத்தர் உள்ள உக்காருங்க. மூடியை அடைச்சு மேல தண்ணி ஊத்துங்க. தண்ணி விழுற எடத்துல சாக்பீஸால வட்டம் போடுங்க. துடைச்சுட்டு அங்க பசையைப் பூசுங்க. பூசினா ஒரு நாள் முழுக்க மூடியைத் திறக்கப்பிடாது, பசையில ஒரு சொட்டுத் தண்ணி படப்பிடாது. அவ்வளவுதான், இதுக்கு ஒண்ணும் பெரிய மூளை வேண்டாம்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மூவருக்கும் தைரியம் வந்துவிட்டது.

தொட்டி நம்பித்துரையின் பாகம் என்பதால் அவனே சாக்பீஸோடு உள்ளே ஏறினான். மூடியை அடைத்து மேலே ஆறு குடம் ஊற்றினார்கள். பிறகு திறந்து பார்த்தார்கள். நம்பித்துரை பொறுப்பான பிள்ளை. தண்ணீர் எங்கெல்லாம் விழுந்ததோ அங்கெல்லாம் வட்டம் போட்டிருந்தான். இடது தோளில் ஒன்று, வலது தோளில் ஒன்று, முழங்காலில் ஒன்று, மூக்கு நுனியில் சின்னதாக ஒன்று.

தாணுலிங்கம் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஆக, வண்டியில ஒரு கோளாறும் இல்ல. இவன்தான் ஒழுகுதான்."

"அப்படி ஒரேயடியாச் சொல்லிரலாமாண்ணே?" என்றான் சொரிமுத்து. "நான் ஒருக்கா உக்காந்து பாக்கட்டா?"

அவனும் உட்கார்ந்தான். இன்னும் ஆறு குடம். அவன் தோளிலும் இரண்டு வட்டம்.

மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அப்பாவுக்கும் இப்படித்தான்," என்று தாணுலிங்கம் மெதுவாக ஆரம்பித்தார். "மழையில நடந்து போனா முதல்ல தோளுதான் நனையும்."

"தாத்தாவுக்கு?"

"தாத்தாவுக்குத் தலையே ஒழுகும். நான் கண்ணால பாத்திருக்கேன்."

"அப்போ இது நம்ம வம்சத்துல உள்ளது," என்றான் நம்பித்துரை. மூக்கில் வட்டம் இருந்ததால் அவன் சொன்னதற்கு ஒரு கனம் இருந்தது.

துடைத்தார்கள். பூசினார்கள். பசைக்குழாய் முழுதும் இரண்டு தம்பிகளின் தோளிலேயே தீர்ந்தது. சொரிமுத்துவின் தோள் காதுவரை ஏறி ஒட்டிக்கொண்டு, உலகத்தில் எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாதே" என்று சொல்கிற தோற்றம் அவனுக்கு வந்துவிட்டது. அது பொய்த் தோற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

சாயங்காலம் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த வடிவம்மை, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, அவளே பட்டறைக்குப் போய் இன்னொரு குழாய் கொண்டுவந்து தாணுலிங்கத்தின் கையில் வைத்தாள்.

"மூடியில பூசுங்கலே! மூடியில! மூடிக்கும் தொட்டிக்கும் நடுவுல ஒரு எறும்பு நுழையுற எடம்கூட இருக்கப்பிடாது. நான் காலையில முதல் பஸ்ஸுல போயி அடுப்பைப் பாத்துக்கிடுதேன். நாலு கடவப்பெட்டி பப்படம் திண்ணையில இருக்கும். நனையாமக் கொண்டு வந்து சேருங்க."

"மூடியிலன்னு பாய் சொல்லவே இல்லியே அத்தை," என்றார் தாணுலிங்கம், நியாயமான வருத்தத்தோடு.

மறுநாள் காலை ஆறு மணி. அத்தை பஸ் ஏறிவிட்டாள். வானம் கறுத்துக் கிடந்தது. பூசுகிறபோது வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று உள்ளேயிருந்து சொல்வதற்காக நம்பித்துரை தொட்டியில் ஏறிப் படுத்தான். மூடியை அடைத்தார்கள்.

"வெளிச்சம் தெரியுதாலே?"

"இந்த மூலையில தெரியுதுண்ணே."

பூசினார்கள்.

"இப்போ?"

"அந்த மூலையில."

பூசினார்கள். விளிம்பு முழுக்க, பூட்டுத் துவாரம் முழுக்க, கீல் முழுக்க. கடைசியில் உள்ளேயிருந்து, "அண்ணே, நான் கண்ணைத் தொறந்திருக்கனா மூடியிருக்கனான்னு எனக்கே தெரியல்ல!" என்று ஒரு சந்தோஷக் குரல் வந்தது.

தொட்டியின் அடித்தகட்டில் போல்ட் கழன்று விழுந்த ஓட்டைகள் ஏழெட்டு உண்டு. அதையும் அடைக்கலாமா என்றான் சொரிமுத்து. "மழை கீழ இருந்தாலே பெய்யுது?" என்று தாணுலிங்கம் தடுத்துவிட்டார். அந்த வருஷத்தில் அவர் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். நம்பித்துரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அதன் புண்ணியத்தில்.

பிறகு பப்படக் கடவங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த பிறகுதான் பார்த்தார்கள்: மூடியைத் திறந்தால்தான் பப்படம் உள்ளே போகும். ஒரு நாள் ஆகாமல் மூடியைத் திறக்கக் கூடாது.

"அத்தை பப்படம் நனையப்பிடாதுன்னா," என்றான் சொரிமுத்து.

"பாய் பசை நனையப்பிடாதுன்னாரு," என்றார் தாணுலிங்கம்.

"யாரு முதல்ல சொன்னா?"

"பாய். நேத்துக் காலையில. அத்தை சாயங்காலம்தான் சொன்னா."

"அப்போ பாய் சொன்னதுதான் மூப்பு."

இரண்டு தூறல் விழுந்தது. தாணுலிங்கம் பதறிப்போனார். கையால் மூடியின் ஒரு மூலையை மறைத்தார், மறு மூலை நனைந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவதை முகத்திலேயே பார்க்கலாம். பல்வலி வருகிற மாதிரியே இருக்கும்.

"சொரி, பப்படத்தைக் காப்பாத்துறது எது?"

"மூடி."

"மூடி கெட்டுப்போனா பப்படத்துக்கு இந்த உலகத்துல யாரு இருக்கா?"

சொரிமுத்து ஒரு கடவத்தைத் தடவிக்கொடுத்தான். "ஒருத்தரும் இல்லண்ணே."

"அப்போ முதல்ல மூடியைத்தான் காப்பாத்தணும். பப்படத்தை எடுத்து மூடி மேல நிரத்து."

நாலு கடவத்துப் பப்படத்தையும் மூடிமேல் கட்டம் கட்டமாக, விளிம்பில் மட்டும் ஐந்தடுக்காக, ஓடு வேய்கிற மாதிரி நிரத்தினார்கள். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு மீன்வலையை இழுத்துக் கட்டினார்கள். நிரத்தி முடிக்கவே மணி பதினொன்று ஆகிவிட்டது. வண்டி கிளம்பியது. மழையும் கிளம்பியது.

மேலக்குளம் வரைக்கும் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் மழை, வேறு வேலை இல்லாததுபோல, அந்த வண்டிமேலேயே பெய்தது. தோளில் பசை இறுகிப்போனதால் சொரிமுத்துவுக்குக் கை மேலே எழும்பவில்லை. வளைவுக்கு வளைவு நெற்றியால் ஹாரனை முட்டினான். ஒவ்வொரு மைலுக்கும் தாணுலிங்கம் முதுகுப்பக்கத் தகரத்தைத் தட்டி, "நம்பி, நனைஞ்சியா?" என்று கேட்டார். ஒவ்வொரு மைலுக்கும் "இல்லண்ணே!" என்று பதில் வந்தது. அப்படி நிம்மதியான ஒரு பயணத்தை அவர்கள் அதுவரை போனதில்லை.

கல்யாண வீட்டில் பந்தி உட்கார்ந்து சாம்பார் முடிந்திருந்தது. பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் பிரதமன் ஆவி பறந்துகொண்டிருந்தது. பழம் இலைக்கு வந்துவிட்டது. சம்பந்தி இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார். சமையலுக்குத் தலைவரான தவசுப்பிள்ளை வடிவம்மையைப் பார்த்தார். வடிவம்மை காய்ந்துகொண்டிருந்த எண்ணெயைப் பார்த்தாள். அப்போது வண்டி சமையல் பந்தலுக்குள் நுழைந்து, பூசணிக்காய்க் குவியலில் முட்டி நின்றது.

"பப்படம் எங்க வே?" என்று தவசுப்பிள்ளை ஓடிவந்தார்.

தாணுலிங்கம் வெற்றி வீரனைப்போல இறங்கி மூடியைத் தட்டினார். "நம்பி, நனைஞ்சியா?"

"ஒரு சொட்டு இல்லண்ணே!"

"கேட்டேரா? ஒரு சொட்டு இல்ல."

"உள்ள என்ன வே இருக்கு?"

"நம்பித்துரை."

"அவனைப் பொரிச்சு இலையில வைக்கவா?"

சொரிமுத்து நியாயத்தைச் சொன்னான். "ஒருத்தன்தான் இருக்கான் அண்ணாச்சி. முந்நூறு இலைக்கு எப்படி எட்டும்?"

வடிவம்மை வலையை விலக்கிப் பார்த்தாள். பப்படம் இல்லை. மூடி முழுக்க உளுந்துக் களி ஒரு விரல் கனத்துக்கு மெழுகிக் கிடந்தது. நாலு நாள் இடித்து, உருட்டி, பரத்தி, காயவைத்த உழைப்பு மறுபடி முதல் நாளுக்கே போயிருந்தது. அவள் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை, சம்பந்தி ஒரு காலை ஊன்றி எழும்பப் போகிறார்.

"வழிச்சு எடுங்கலே!" என்றாள்.

களியைத் துணியில் கட்டிப் பிழிந்து, ஒரு கை அரிசி மாவைத் தூவிப் பிசைந்து, சின்னச் சின்னதாகக் கிள்ளி எண்ணெயில் போட்டாள். பொன்னிறமாகக் கறுமுறு என்று வந்தது. முறத்தில் அள்ளி அவளே பந்திக்குக் கொண்டுபோய், முதலில் சம்பந்தி இலையில் வைத்தாள்.

சம்பந்தி முகத்தைச் சுளித்தார். "இது என்ன, பப்படம் வட்டமா இல்ல?"

"வட்டமானது எல்லா வீட்டுலயும் போடுவாங்க. இது கிள்ளுப் பப்படம். பெரிய மனுஷங்க வீட்டுக்கு மட்டும்தான் செய்வேன்."

சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரதமனில் நொறுக்கிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். "எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல அந்தக் காலத்துல இதுதான்," என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். பக்கத்து இலைக்காரருக்கும் உடனே ஞாபகம் வந்துவிட்டது. பந்தி முடிவதற்குள் மூன்று கல்யாணத்துக்கு வடிவம்மையிடம் கிள்ளுப் பப்படம் சொல்லிவிட்டார்கள். முட்டாள்கள் எல்லோரும் கொக்குவிளையிலேயே பிறக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

உயிர் திரும்பி வந்த வடிவம்மைக்கு மனசு இளகிவிட்டது. ஒரு தூக்குவாளியில் பிரதமனை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள்.

"பாவம், அவன் காலையில இருந்து பட்டினி. மூடியைத் தொறங்கலே, பிள்ளைக்கு இதைக் குடுப்போம்."

தாணுலிங்கம் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "அத்தை, நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத்தான் ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் தொறக்கப்பிடாது."

"அதுவரைக்கும் அவன் எப்படிலே தின்பான்?"

அண்ணனும் தம்பியும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

"மேல ஊத்திருவோம் அத்தை," என்றான் சொரிமுத்து.

"பசையில படப்பிடாதுன்னு பாய் சொன்னாரேலே?"

"தண்ணிதான் படப்பிடாதுன்னாரு. பிரதமனைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல்ல."

வடிவம்மை வாளியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

தாணுலிங்கம் விளிம்பு பார்த்துப் பாசத்தோடு ஊற்றினார். பிறகு தகரத்தில் காதை வைத்தார்.

"நம்பி, வருதாலே?"

"வரல்லண்ணே."

சொரிமுத்து ஓடிப்போய் இன்னொரு வாளி கொண்டுவந்தான். அதையும் ஊற்றினார்கள். பிரதமன் நாலு பக்கமும் வழிந்து, டயரில் இறங்கி, தரையில் ஓடியது.

"இப்போ?"

உள்ளே நம்பித்துரை நன்றாகத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, பசியும் பெருமையும் கலந்து அவன் குரல் வந்தது.

"ஒரு முந்திரிப் பருப்புக்கூட இறங்கல்லண்ணே!"

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தாணுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சொரி, ஓடு. ரசத்தை எடுத்துட்டு வா. அதையும் பாத்திருவோம்."