பின்னவனுக்கு ஒரு முகம்

போரெல்லாம் ஓய்ந்து எத்தனையோ காலம் கழித்து, தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் ஒரு போர் விமானம் உருவானது. பயப்படாதீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் விமானம்தான். துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெபராஜ் என்கிற தனிக்கட்டை, பெட்டியில் வந்த துண்டுகளை நறுக்கி, அரம் போட்டுத் தேய்த்து, பசை தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

அதில் இரண்டு பேர் உட்கார வேண்டும். முன்னால் ஓட்டுகிறவன், பின்னால் துப்பாக்கி பிடிக்கிறவன். எதிரி பின்பக்கமாக வந்து தொலைப்பானாம். அதனால் துப்பாக்கிக்காரனை வாலைப் பார்த்து உட்கார்த்துவது அந்தக் காலத்து வழக்கம். ஆக, இரண்டு பேரும் முதுகோடு முதுகு. முன்னவன், பின்னவன் என்று அவர்களுக்குப் பேர் வைத்துக்கொள்வோம்.

முதலில் முன்னவனைப் பல்குத்தும் குச்சியில் ஒட்டி நிறுத்தி, ஜெபராஜ் அவனுக்கு வர்ணம் பூசினான். கடுகளவு தலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் வைத்தான், புருவம் வைத்தான், உதட்டில் ஒரு சிவப்பு வைத்தான். பக்கத்தில் கிடந்த பின்னவன் அத்தனையையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணே வரையாத பொம்மை எப்படிப் பார்க்கும் என்கிறீர்களா? பொம்மை பேசப்போகிறது, அதை நம்பப்போகிறீர்கள் அல்லவா, இதையும் சேர்த்து நம்புங்கள்.

அடுத்தது பின்னவன் முறை. குச்சியில் நின்று காய்ந்துகொண்டிருந்த முன்னவன் இப்போது வேடிக்கை பார்த்தான். தூரிகை உடம்பெல்லாம் ஊர்ந்ததில் பின்னவனுக்கு ஒரே கூச்சம். எது சட்டைக்கு, எது தொப்பிக்கு, எது முகத்துக்கு என்று ஒன்றும் புரியவில்லை. அதற்குள் இரண்டு பேரையும் இருக்கையில் ஒட்டி, கண்ணாடி மூடியையும் ஒட்டி, விமானத்தை அலமாரியில் ஏற்றியாகிவிட்டது. மூக்கு அறையைப் பார்த்தது. வால் சுவரைப் பார்த்தது.

"அண்ணே, எனக்கு முகம் வரைஞ்சானா?" என்று பின்னவன் கேட்டான்.

முன்னவன் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. "வரைஞ்சானே! வரையாம விடுவானா?"

"எப்படி இருக்கு?"

"ராசா மாதிரி இருக்கு. முறுக்கு மீசை. கன்னத்துல ஒரு மச்சம்."

பின்னவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். முன்னவன் சலிக்காமல் சொன்னான். புருவம் வில்லாக வளைந்தது, கன்னத்தில் குழி விழுந்தது, முகம் நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டே போனது.

ஆனாலும் பின்னவனுக்கு எதிரே இருந்தது வெறும் சுவர். உப்புக்காற்றில் பொரிந்த சுண்ணாம்பும், எப்போதாவது வந்துபோகும் ஒரு பல்லியும்தான் அவன் கண்ட உலகம். பல்லி கூட நின்று பார்த்ததில்லை. "இவ்வளவு அழகான முகத்தை வச்சுக்கிட்டு இந்தச் சுவத்துக்குக் காட்டணும்னு என் தலையெழுத்து!" என்று புலம்புவான். யாராவது ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டால் போதும் என்று ஏங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து ஜெபராஜின் அக்கா பிரிசில்லா வந்தாள். பொருளை எடுத்தால் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வைக்கிற ரகம் அவள். விமானத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். இதோ பார்க்கப்போகிறாள் என்று பின்னவன் பூரித்தான்.

"எலேய், முன்னால இருக்கவனுக்குக் கண்ணு மூக்கெல்லாம் அம்சமா வச்சிருக்க. பின்னால இருக்கவனுக்கு மூஞ்சியவே காணுமே? முட்ட மாதிரி மொழுக்குன்னு இருக்கு?"

"அவன் சுவத்தப் பாத்து இருக்கவன்தானக்கா. யாரு பாக்கப்போறா? கண்ணு வலிச்சுது, விட்டுட்டேன்."

"இப்ப வரையேன்."

"மூடிய ஒட்டியாச்சு. தொறந்தா உடைஞ்சிரும்."

"நல்லா இருக்குல ஒன் நியாயம்! நீயும்தான் ஆபீஸ் விட்டு வந்தா சுவத்தப் பாத்து உக்காந்து ஒட்டிக்கிட்டே கெடக்க. அதுக்காவ ஒனக்கு மூஞ்சி வேண்டாமா?"

ஜெபராஜ் டீ போடுகிறேன் என்று எழுந்து போனான். விமானம் பழைய இடத்துக்கே போனது.

"அத்தனையும் பொய்யா அண்ணே?" என்றான் பின்னவன்.

"பொய்தான். நீ கேட்ட கேள்விக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

பின்னவனுக்கு ஆத்திரமும் அழுகையும் பொங்கின. கோபித்துக்கொண்டு திரும்பிக்கொள்ளவாவது முடியுமா? ஏற்கெனவே திருப்பித்தானே உட்கார்த்தி வைத்திருக்கிறது. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

நாட்கள் போயின. சுவர் இருந்தது, பல்லி வந்தது, போனது. பின்னால் ஒரு குரல் இருந்ததுதான் இத்தனை நாள் உயிர் என்பது, அது இல்லாதபோதுதான் அவனுக்கு உறைத்தது. முன்னவன் சொன்ன முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். இல்லாத ஒன்றை எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறான் பாவி! அப்படி நினைத்துக்கொண்டே வந்தவனுக்கு ஓரிடத்தில் சுருக்கென்று குத்தியது. தன் முகம் எப்படி இருக்கிறதென்று முன்னவனுக்கும்தான் தெரியாது. அந்த அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. அந்த முகம் உருவானதைப் பக்கத்தில் கிடந்து கண், புருவம், உதடு என்று ஒன்றுவிடாமல் பார்த்தவன் இந்தப் பின்னவன் ஒருவன்தான்.

"அண்ணே," என்று கூப்பிட்டான். "உன் முகம் எப்படி இருக்குன்னு நீ ஏன் என்கிட்ட ஒரு நாளும் கேக்கலை?"

"நீயாச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன் தம்பி," என்றான் முன்னவன்.