இளவரசர் கேட்ட கேள்வி

முன்பு எப்போதோ ஒரு காலத்தில், ஒரு மன்னருக்குத் தம் அரண்மனையில் அறிவாளிகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. “சபையில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் தெரியாதவர் எவராயினும் வெளியேற வேண்டும்” என்று ஆணையிட்டார். கேள்வி கேட்கும் பொறுப்பு சபைப் பண்டிதர் வாகீசருக்கு.

முதல் நாளே செவிலி பூவாயி மாட்டிக்கொண்டாள். பத்து மாத இளவரசரைப் பிறந்த நாள் முதல் வளர்ப்பவள் அவள். “இலக்கணம் எத்தனை வகைப்படும்?” என்று பண்டிதர் கேட்டதும் முந்தானையைத் திருகிக்கொண்டு, “எனக்குத் தெரியாதுங்க சாமி” என்றாள். சபை சிரித்தது.

விகடகவி மருதக்கூத்தனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “அரசே, பூவாயியும் அறிவுள்ளவள்தான்” என்றான்.

அவனைத் துரத்தச் சமயம் பார்த்திருந்த வாகீசர் எழுந்தார். “அதை இவர் நாளைச் சபையில் நிரூபிக்கட்டும், பிரபு. தவறினால் இவரும் அவளோடு போகட்டும்.”

மன்னர் சம்மதித்தார். அதுவரை பூவாயி குழந்தையிடம் போகக் கூடாது என்றும் சொன்னார்.

மறுநாள் விடிந்தும் கூத்தனுக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. கலங்கியபடி நடந்தவன் காதில், அந்தப்புரத்தில் இளவரசர் வீறிட்டு அழும் சத்தம் விழுந்தது. தாதியர் என்ன தாலாட்டியும் ஓயவில்லை. மகாராணியிடம் அனுமதி வாங்கி, குழந்தையைச் சபைக்கே தூக்கி வந்துவிட்டான்.

“அரசே, இளவரசர் காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார். எட்டு மொழி கற்ற பண்டிதர் பதில் சொல்லட்டும்.”

வாகீசர் சுலோகம் சொன்னார், அழுகை கூடியது. மன்னரே வாங்கித் தோளில் சாய்த்து, “என்னடா கண்ணா?” என்றார். குழந்தை மூச்சடைத்து அழுதது. மன்னர் பதறிக் கூவினார்.

“பூவாயியைக் கூப்பிடுங்கள்!”

ஓடி வந்தவள் குழந்தையை வாங்கி ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். “பசின்னா விரலைச் சப்புவாரு. வயித்துவலின்னா காலை மடக்குவாரு. இது ஏதோ குத்துதுங்க” என்று புதுச் சட்டையைக் கழற்றினாள். முதுகில் ஒரு கீறல். சட்டையின் உள்ளே, பிரிந்து நின்ற சரிகைக் கம்பி. குழந்தை விசும்பி, அவள் கழுத்தில் முகம் புதைத்து அடங்கியது.

கூத்தன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “பண்டிதரே, கிளம்பலாமா? அரசே, தாங்களும் வர வேண்டும். பதில் தெரியாதவர் எவராயினும் வெளியேற வேண்டும் என்பது தங்கள் ஆணை. இனி அரண்மனையில் பூவாயியும், கேள்வி கேட்ட இளவரசரும்தான்.”

மன்னர் திகைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆணையை அங்கேயே ரத்து செய்தார். பூவாயிக்குத் தம் கங்கணத்தைக் கொடுத்தார். கூத்தன் கழுத்தில் முத்துமாலையைப் போட்டார். சபை ஆரவாரித்தது.

குழந்தையோடு அவனைக் கடந்து போன பூவாயி நின்று, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நேத்திலேர்ந்து சாப்பிடலையா சாமி?”

கூத்தன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். பிறகு அதை விட்டுவிட்டு, ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான்.