பலகைக்கு அடியில்

“வண்டியை வாங்கினவனைவிட…” என்று அப்பா ஏதோ ஒன்று சொல்லுவார். கல்யாண வீடோ பஞ்சாயத்தோ, எங்கே பேச எழுந்தாலும் அதில்தான் முடிப்பார். சென்னியப்பனுக்கு முதல் பாதிதான் ஞாபகம் இருந்தது. மீதி, கனடாவில் கழிந்த இருபத்திரண்டு வருஷத்தில் எங்கோ நழுவிப் போயிருந்தது.

அப்பா வாங்கிய அந்த வண்டி, அறுபத்து மூன்றாம் வருஷத்து பிக்கப், இப்போது சங்ககிரி ரோட்டில் மரகதத்தின் பட்டறையில் நின்றது.

லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. மர வேலைக்கு மரகதத்தை விட்டால் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனைவிடப் பத்து வயது சின்னவள்.

“என் தம்பி மாரப்பன் இதை நாசம் பண்ணிட்டான், அம்மணி.”

மரகதம் பின்கதவை இறக்கிப் பார்த்தாள். பலகைகள் வெடித்து, விளிம்பு உளுத்து, நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

“என்னத்தைங்ணா ஏத்துனாரு?”

“எதை ஏத்தலைன்னு கேளு. எருவு, மஞ்சள் மூட்டை, சோளத்தட்டு, கன்னு போட்ட எருமை. அப்பா எப்படித் துடைச்சு வெச்சிருந்த வண்டி!”

“அவரு என்ன சொல்றாரு?”

“என்ன சொல்லுவான்? வண்டி எனக்கு வேணும்னேன். மறுநாளே கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டான். அதோட பேச்சு நின்னுபோச்சு.”

“இனி என்ன பண்றதா இருக்கறீங்க?”

“தேக்குப் பலகை போட்டு, கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி, வீட்டு முன்னாடி நிறுத்தப் போறேன். அவன் கை இதுல இனிப் படவே கூடாது.”

மரகதம் ஒரு சாக்கை உதறி வண்டிக்கு அடியில் விரித்தாள். ஸ்பேனரை நீட்டினாள்.

“பழசைக் கழட்டுங்ணா.”

“நானா?”

“தம்பியை வையறது நீங்கதானே. கழட்டறதையும் நீங்களே கழட்டுங்க.”

சென்னியப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு அடியில் படுத்தான்.

பலகைகளை மேலே இரும்புப் பட்டைகள் அழுத்திப் பிடித்திருந்தன. பட்டையின் போல்ட்டுகளுக்கு நட்டு அடிப்பக்கம். மரகதம் அறுக்கிற மெஷினோடு மேலே ஏறி உட்கார்ந்தாள்.

“அறுபது வருஷத்து வண்டி. நட்டெல்லாம் துருவுல இறுகிப்போயிருக்கும். இந்த மாதிரி வண்டியில எனக்கு ஒண்ணுகூடக் கழண்டதில்ல, அத்தனையும் அறுத்துத்தான் எடுத்திருக்கேன். எதுக்கும் ஒருதரம் ஸ்பேனர் போட்டுப் பாருங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

நட்டு சுழன்றது. இழுத்த வேகத்துக்கு அவன் முழங்கை, பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் போய் இடித்தது.

“என்னங்ணா, அடிபட்டுதா?”

“கழண்டுது.”

“அடுத்ததைப் பாருங்க.”

அடுத்ததும் கழன்றது. மூன்றாவதைக் கொஞ்சம் அசைத்துவிட்டு, விரலாலேயே சுழற்றி எடுத்தான்.

“கையில ஏதாச்சும் ஒட்டுதுங்களா?”

“கிரீஸ்.”

“காஞ்சதா?”

“இல்லை. ஈரமா இருக்கு.”

“உங்க அப்பா வெச்சதுங்களா?”

“அப்பா போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு, அம்மணி.”

“சட்டம் எப்படி இருக்குது?”

தளர்ந்த பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் விரலை நுழைத்துத் தடவினான். துரு இல்லை. எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயில், ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிப் பூசி மெழுகுபோல் ஏறியிருந்தது.

“ஆயில் அடிச்சிருக்கு.”

“பலகையைத் தூக்காம அந்த இடத்துக்கு பிரஷ் போகாதுங்ணா. ஒவ்வொரு தரமும் எல்லாத்தையும் கழட்டி, அடிச்சு, திருப்பி மாட்டோணும். ஒத்தை ஆளுக்கு ரெண்டு நாள் வேலை.”



வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சென்னியப்பன் கனடாவிலிருந்து போன் பண்ணுவான். “வண்டியைக் கழட்டிப் போட்டிருக்கேன்ணா, அப்புறம் பேசறேன்” என்று மாரப்பன் வைத்துவிடுவான். பேசப் பிடிக்காமல் சொல்கிற சாக்கு என்றே அத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

மேலே ஏதோ இழுபடும் சத்தம். மரகதம் மெஷினின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா உடம்பையும் மாரப்பன் இதுலதான் ஏத்திட்டு வந்தான்” என்றான் அடியிலிருந்து.

“எங்கிருந்துங்ணா?”

“ஈரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து. நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவன் ஒத்தையில ஓட்டிட்டு வந்திருக்கான்.”

மரகதம் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

“டீ சொல்லியிருக்கேன். எந்திரிச்சு வாங்க.”

“நீ குடி அம்மணி.”

கடைசி நட்டு கழலும்வரை அவன் வெளியே வரவில்லை. வந்தபோது சட்டை முதுகெல்லாம் கறுப்பு. துடைக்கத் துணி கொடுத்தாள். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான்; கையைத் துடைக்கவில்லை.

“தேக்கு எடுத்து வெக்கட்டுங்களா?”

“எருவு ஏத்தினா தேக்கு தாங்குமா?”

“தேக்கு தாங்கும். பாலிஷ்தான் தாங்காது.”

“அப்போ பாலிஷ் வேண்டாம்.”

ஆறாம் நாள் சென்னியப்பன் வண்டியை மாரப்பனின் தோட்டத்துக்கு ஓட்டிப் போய், “வண்டியை வாங்கினவனைவிட வெச்சுக் காப்பாத்தறவனுக்குத்தான் அது சொந்தம்னு அப்பா சொல்லுவாரே” என்று சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, டவுன் பஸ் ஏறி வீடு திரும்பினான்.