சுவரில் தெரிந்த ஊர்

நெடுங்கரைக்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். மூன்று பேர் கூடிப் பேசி, நிதானமாக யோசித்த பிறகுதான் தப்பாகச் செய்வார்கள்.

அந்த ஊர் தில்லைநாயகத்துக்கு ஓவியத்தின் மேல் கொள்ளை ஆசை. பென்சில், நீர்வண்ணம், களிமண், சுவரோவியம் என்று இருக்கிற வகை அத்தனையும் கற்றுவிட வேண்டும். அவனை வளர்த்த தாய்மாமா பொன்னுரங்கம் அரிசி மில் வைத்திருந்தார்.

"போய்ப் படி மாப்ளே. ஆனா பொங்கல் கண்காட்சியில உன் கைவேலை ஒண்ணை ஊர் பார்க்கணும். இல்லேன்னா பேசாம மில்லுக்கு வந்து தவிட்டு மூட்டை தைக்கணும்" என்றார்.

தவிட்டைக் கண்டாலே தில்லைநாயகத்துக்குத் தும்மல் அடுக்கடுக்காக வரும். அதனால் உயிரைக் கொடுத்துப் படிப்பது என்று முடிவு செய்தான்.

மரகதம் டீச்சர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு அப்போதுதான் ஊரில் வகுப்புத் தொடங்கியிருந்தார். தில்லைநாயகத்தோடு மாசிலாமணியும் காத்தமுத்துவும் சேர்ந்தார்கள். மாசிலாமணி வயதில் மூத்தவன். எதையும் தாடையைத் தடவிக்கொண்டுதான் சொல்வான். அதனால் அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்ற இருவரும் நம்பினார்கள்.

முதல் நாள் டீச்சர் முக்காலி மேல் ஒரு பித்தளைக் குடத்தை வைத்தார். "கண்ணுக்கு எது தெரியுதோ அதை மட்டும் வரையுங்க. தெரியாததைச் சேர்க்காதீங்க."

மூவரும் ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த மாசிலாமணி குடத்தை வரைந்தான். காத்தமுத்து மாசிலாமணியின் முதுகை வரைந்தான். தில்லைநாயகம் காத்தமுத்துவின் முதுகை, சட்டைக் கிழிசல் உட்பட வரைந்து நீட்டினான்.

"குடம் எங்கேப்பா?"

"அது மாசிலாமணி அண்ணனுக்கு முன்னால பத்திரமா இருக்கு டீச்சர்."

டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். "கிழிசல் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

அடுத்தது ஒளியும் நிழலும். "படத்துல நிழல் விழணும். அப்பத்தான் குடம் உருண்டையாத் தெரியும்" என்றார் டீச்சர். மூவரும் குடம் வரைந்த படத்தை வெயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். காத்தமுத்து தன் நிழல் அதன் மேல் விழுகிற மாதிரி நின்றுகொண்டான். பிரமாதமாக விழுந்தது. ஆனால் வெயில் உச்சிக்கு ஏற ஏற நிழல் குறைந்துகொண்டே வந்தது.

"நிழல் சுருங்குது அண்ணே" என்றான் தில்லைநாயகம் கவலையோடு.

மாசிலாமணி தாடையைத் தடவினான். "வெயில்ல காயுது இல்லையா, சுருங்கத்தான் செய்யும்."

"நனைச்சா பழையபடி விரியுமா?"

"நிழலை எப்படி நனைக்கிறது? ஆளைத்தான் நனைக்கணும்."

காத்தமுத்துவின் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. நிழல் இருந்த இடம் தெரியவில்லை. "தண்ணி பட்டதும் சாயம் போயிருச்சு. மட்டமான நிழல்" என்றான் மாசிலாமணி. காத்தமுத்து நடுங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்டான்.

களிமண் வகுப்பில், "அவங்கவங்க முகத்தை மண்ணுல கொண்டு வாங்க. காயற வரைக்கும் அசைக்காதீங்க" என்றார் டீச்சர். தில்லைநாயகம் முகத்தைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்தான். மூச்சுவிடப் பப்பாளிக் குழல் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். டீச்சர் வந்து சுத்தியலால் தட்டி அவனை வெளியே எடுத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மூக்கு நல்லா வந்திருந்தது டீச்சர்."

பொங்கல் நெருங்கியது. மாட்டிவைக்க ஒரு படம்கூடக் கைவசம் இல்லை. தில்லைநாயகம் இப்போதே தும்மத் தொடங்கிவிட்டான். கடைசி நம்பிக்கையாக டீச்சர் மூவரையும் படிப்பகத்து முற்றத்தில், மதில் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்.

"கண்காட்சிக்குத் தலைமை தாங்குற தலைவரை அழைக்க நான் டவுனுக்குப் போறேன். வர்றதுக்குள்ள இந்தச் சுவர்ல நம்ம ஊர் தெரியணும். தெரு, டீக்கடை, மரம், ஆளுங்க எல்லாம். பார்க்கறவங்க படமா நிஜமான்னு திகைக்கணும். வலது பக்கம் கீழ் மூலையில மறக்காம கையெழுத்துப் போடுங்க."

மூவரும் சுவரையே உற்றுப் பார்த்தார்கள்.

"ஊர் தெரியலையே" என்றான் காத்தமுத்து.

"ஏன் தெரியலை?" என்று கேட்டான் மாசிலாமணி.

தில்லைநாயகம் எட்டி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான். "சுவர் மறைக்குது அண்ணே."

மாசிலாமணி தாடையைக்கூடத் தடவவில்லை. நேராகப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான்.

பொங்கலன்று படிப்பகத்து முற்றத்தில் ஊரே கூடியது. மாமா முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைவரோடு வந்து இறங்கிய டீச்சருக்கு, சுவரில் ஒரு வேட்டி கட்டித் தொங்கவிட்டிருப்பது மட்டும்தான் தெரிந்தது. தில்லைநாயகம் வேட்டியை உருவினான்.

தெரு தெரிந்தது. டீக்கடை தெரிந்தது. ஆவிகூடப் பறந்தது. சைக்கிளில் ஒருவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனார்.

டீச்சர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். மாமா மெல்ல எழுந்தார்.

"என்னமா வரைஞ்சிருக்கான். புளியமரத்துல இலைகூட ஆடுதே" என்றார். "நீ மில்லுப் பக்கமே வர வேண்டாம் மாப்ளே."

தில்லைநாயகத்துக்கு அப்போதுதான் கையெழுத்து நினைவுக்கு வந்தது. ஓட்டை வழியாக இறங்கிப் போய்ப் பார்த்தான். வலது பக்கம் கீழ் மூலையில் ஓர் எருமை படுத்திருந்தது. அதன் விலாவில் வெள்ளைச் சாயத்தால் அழகாகக் கையெழுத்துப் போட்டான். எருமை எழுந்து வலப்பக்கமாக நடந்து படத்தை விட்டே போய்விட்டது.

"கையெழுத்து இல்லாட்டி தன் படம்னு நாளைக்கு வேற எவனாவது சொந்தம் கொண்டாடுவான்" என்று மாசிலாமணி பதறினான். மூவரும் எருமையைத் தள்ளிப் பார்த்தார்கள், கும்பிட்டுப் பார்த்தார்கள். அது திரும்பவில்லை.

"எருமை படத்துக்குள்ள வராட்டி என்ன? படம் எருமைகிட்டப் போகட்டும்" என்றான் தில்லைநாயகம்.

கடப்பாரை மறுபடி வந்தது. எருமை நகர நகர இவர்களும் சுவரை இடித்துக்கொண்டே பின்னால் போனார்கள். அது படிப்பகத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியது. சாயங்காலத்துக்குள் மதில் என்று ஒரு செங்கல்கூட நிற்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓவியம்தான்.

மாமா நாலு பக்கமும் நடந்து ரசித்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் ஒரே ஒரு கவலைதான் தெரிந்தது.

"எல்லாம் சரி மாப்ளே. இவ்வளவு பெரிய படத்தை இப்படித் திறந்துபோட்டா ஆடு மாடு வந்து நாசம் பண்ணிடும். நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு இதை மறைச்சு ஒரு மதில் சுவர் கட்டிடு."