வாயில்லாத விருந்தாளி

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! மலைகளுக்கு இன்னும் பெயர்கூட வைக்காத காலத்தில் கொற்றவேலன் என்று ஒரு ராஜா இருந்தான். விருந்து வைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் கோட்டைக்குள் எது வந்தாலும் விருந்தாளி. சாப்பிடாமல் வெளியே போக விடமாட்டான். சாப்பிட மறுத்தால், கூட்டி வந்தவர் தலை போய்விடும். நல்ல உபசாரம்தான், போங்கள்!

ஒருநாள் மாதி என்ற மலைக்காரி தேன் கொண்டுவந்தாள். அவள் கூடையில் காட்டு அந்துப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளங்கை அகலச் சிறகுகள், ஒவ்வொன்றிலும் கண்ணாடிபோல் ஒரு வட்டம். ராஜா அசந்துபோனான். "விருந்தாளி வந்திருக்கிறார்!" என்று கத்தினான்.

பூச்சியைப் பொற்கூண்டில் வைத்தார்கள். முதல் நாள் தேன் வைத்தார்கள், தொடவில்லை. இரண்டாம் நாள் பால், தொடவில்லை. மூன்றாம் நாள் ராஜாவே மாதுளை பிழிந்து நீட்டினான்; அதையும் தொடவில்லை. அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாளை எடுத்து வரச் சொன்னான்.

மாதி கும்பிட்டபடி முன்னால் வந்தாள். 

"சாமி, என்னை வெட்டுறதுக்கு முன்னால அது மூஞ்சிய ஒரு தடவ உத்துப் பாருங்க."

பார்த்தான். தின்பதற்கு அதற்கு வாயே இல்லை.

"புழுவா இருந்தப்பவே ராவும் பகலும் மருத இலையத் தின்னு முடிச்சிருச்சு சாமி. அப்புறம் கூடு கட்டி, கோடை பூரா உள்ளேயே கெடந்துச்சு. றெக்க மொளைச்சா ஏழு நாள்தான் உசுரு. அதுக்குப் பசி இல்ல. துணை வேணும், முட்டை வைக்க மரம் வேணும்."

"துணையை எங்கே போய்த் தேடுவது?"

"நாம எதுக்குத் தேடணும்? கூண்டை வெளிய வைங்க."

பொழுது சாயும் நேரம் கூண்டை மதில்மேல் வைத்தார்கள். பூச்சி கூப்பிடவில்லை, அசையவும் இல்லை. காற்று மட்டும் மலைப்பக்கம் வீசியது. காட்டிலிருந்து ஒன்று வந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. இறகு போன்ற மீசையை விரித்து, மனித மூக்குக்கு எட்டாத ஏதோ வாசனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காதம் தாண்டி வந்திருந்தன! பொற்கம்பியில் முட்டி முட்டி விழுந்தன.

ராஜாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் கையாலேயே கூண்டைத் திறந்தான்.

"ஏழு நாளில் மூன்றை நானே தின்றுவிட்டேனே!" என்று அழுதான்.

அந்தச் சட்டம் அன்றோடு ஒழிந்தது. மாதி தலை தப்பி மலையேறினாள்.

எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று அறியாமல் கொடுப்பது கொடை ஆகாது.