ஆமை ஏன் மண்ணை நனைக்கிறது

அந்தக் காலத்தில் குளத்து ஆமைக்கு வாய் ஓயாது. கடலோர மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று நன்னீர்க் குளங்கள் இருந்தன. அறுப்பு முடிந்ததும் ஊர்ச்சனம் வண்டி கட்டி வந்து, தாழம்புதர் ஓரம் கூடாரம் அடித்து, நாலு நாள் நீந்திக் களித்து, ஆக்கித் தின்றுவிட்டுப் போவார்கள். அவர்களிடம் ஊர்க்கதை கேட்பதுதான் ஆமைக்குப் பொழுதுபோக்கு.

அதிலும் கொம்பையாவின் மனைவி இசக்கி என்றால் அதற்கு உயிர். கடைசிக் கவளத்தை எப்போதும் ஆமைக்கென்று ஒதுக்கி வைப்பாள் அவள்.

அந்த வருஷம் கிளம்புகிற காலையில் கொம்பையா மாட்டைப் பூட்டிவிட்டு, "ஏட்டி, வெயிலுக்கு முன்ன போயிரணும்லா!" என்று பறந்தான். அடுப்பில் கங்கு கிடந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. குடமோ மூட்டைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இசக்கி காலால் மணலைத் தள்ளி மூடினாள்.

முட்டையிடும் வேளை வந்து ஆமை கரையேறியது.

"யக்கா, நீங்க அடுப்புக்குத் தோண்டுன இடந்தான் பொலபொலன்னு இருக்கு. அங்கயே முட்டை போடலாம்னு பாக்கேன். சூடு ஆறிட்டா?"

"ஆறிட்டு, ஆறிட்டு. நீ போட்டுக்கோ" என்றாள் இசக்கி, வண்டியில் ஏறியபடியே.

பாதி வழியில்தான் அகப்பையை விட்டுவந்தது இசக்கிக்கு நினைவுக்கு வந்தது. கொம்பையா முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

ஆமை குழியருகே அசையாமல் கிடந்தது.

"வெயில் சூடுன்னு நெனச்சேன் யக்கா. போட்டு மூடுன பொறவுதான் அடியிலேர்ந்து ஏறுச்சு. தோண்டிப் பார்த்தா, எட்டு முட்டையும் வெந்துட்டு."

இசக்கி வண்டியிலிருந்து குதித்தாள். "நான் வேணும்னா சொன்னேன்?"

"இல்ல யக்கா. ஆனா, கைய வச்சுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. இப்போது குனிந்து உள்ளங்கையை மணலில் வைத்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மூட்டைகளைச் சரித்துக் குடத்தை எடுத்துக் குளத்துக்கு ஓடினாள். திரும்பத் திரும்ப ஊற்றினாள். மணல் குளிர்ந்தது. இனிக் குளிர்ந்து என்ன?

"அடுத்த வருஷம் நானே நல்ல இடமாப் பார்த்துத் தாரேன்" என்று அழுதாள்.

"வேண்டாம் யக்கா. இனிமே யார்ட்டயும் கேக்க மாட்டேன்" என்றது ஆமை. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

அன்று முதல்தான், குளக்கரையில் தங்கிக் கிளம்புகிறவர்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலில் வெறுங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வண்டி ஏறுகிறார்கள். ஆமையோ அந்தக் கையையும் நம்புவதில்லை. குளத்து நீரை வயிற்றில் சுமந்து வந்து, தானே மண்ணை நனைத்துவிட்டுத்தான் முட்டையிடுகிறது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.